மாற்றுத்திறனாளிகள் இணையத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. இணையதளங்களையும் செயலிகளையும் பயன்படுத்திப் பார்த்து, எங்கெங்கே முட்டுகிறது என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். ரயிலில், கல்யாண வீட்டில், அலுவலகக் கூட்டத்தில் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கேட்பதில் தப்பில்லை. சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். பார்வை பற்றிச் சொல்வதெல்லாம் என் அனுபவம். மற்றவை நண்பர்களோடு பழகியும் சேர்ந்து வேலை பார்த்தும் தெரிந்துகொண்டவை.

கண் தெரியாதவர் கம்ப்யூட்டரில் எப்படி வேலை செய்ய முடியும்?

ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் உள்ள எழுத்து, பட்டன், படிவம் எல்லாவற்றையும் எடுத்துக் குரலில் சொல்லும். மவுஸைத் தொடுவதே இல்லை, எல்லாம் கீபோர்டுதான். என் லேப்டாப்பின் திரை உடைந்து மூன்று மாதம் ஆகியும் நான் மாற்றவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத்தான் பதைப்பு.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் ரீடர் திரையைப் பார்ப்பதில்லை, பக்கத்துக்குப் பின்னால் எழுதியிருக்கும் நிரலைத்தான் படிக்கிறது. பட்டன் மாதிரி வரைந்து வைத்த படம் உங்கள் கண்ணுக்குப் பட்டன். ஸ்கிரீன் ரீடருக்கு அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை. இது புரிந்தால் கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி தானாகப் புரிந்துவிடும்.

அப்படியென்றால் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை முழுக்கக் கேட்க வேண்டுமா?

அப்படிக் கேட்டால் ஒரு செய்தியைப் படிக்க ஒரு பொழுது போய்விடும். நீங்கள் செய்தித்தாளைக் கண்ணால் மேய்வதுபோல் நாங்கள் விரலால் மேய்கிறோம். ஒரு செய்தித் தளத்தைத் திறந்ததும் "11 தலைப்பு, 214 இணைப்பு" என்று கணக்குச் சொல்கிறது. 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். '2' தட்டினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்பு. 'கே' இணைப்புக்கு, 'எஃப்' படிவக் கட்டத்துக்கு, 'டி' அட்டவணைக்கு. ஐந்தாறு தட்டில் எனக்கு வேண்டிய செய்தி வந்துவிடும்.

ஆனால் தளத்தைச் செய்தவர் தலைப்பைத் தலைப்பு என்று குறிக்காமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி விட்டுவிட்டார் என்று வையுங்கள். 'எச்' தட்டினால் "அடுத்த தலைப்பு இல்லை" என்று வரும். கண்ணுக்கு அழகாக இருக்கும் எத்தனையோ பக்கங்கள் எனக்கு ஒரே நீளமான, முடிச்சில்லாத கயிறுதான்.

அந்தக் குரல் போகிற வேகத்தில் உங்களுக்கு உண்மையிலேயே புரிகிறதா?

புரிகிறது. பழக்கம்தான். முதல் மாதம் மெதுவாக வைத்துக் கேட்டேன், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "இது என்ன பாஷை தம்பி?" என்று கேட்டிருக்கிறார். தமிழ்தான் ஐயா.

இதற்கெல்லாம் நிறையச் செலவாகுமே?

ஒரு காலத்தில் ஆனது. ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர் 1989இல், டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்திலேயே வந்தது. விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. இன்றும் பெரிய அலுவலகங்களில் அதுதான், ஆனால் விலை பல்லாயிரம் ரூபாய். நம் ஊரில் திருட்டுப் பிரதியை வைத்துக்கொண்டோ, நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோ கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு. நாற்பது நிமிடம் என்பது இலவசச் சோதனைப் பதிப்பு ஓடும் நேரம்.

அந்தக் கதையை மாற்றியது என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கினார், இன்னொரு பார்வையற்ற நிரலாளரான ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். முற்றிலும் இலவசம், மூல நிரலும் திறந்தது. பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய் எந்தக் கணினியிலும் செருகி ஓட்டலாம். மெனு எல்லாம் தமிழிலேயே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் 2009 முதல் வாய்ஸ்ஓவர் என்று ஸ்கிரீன் ரீடர்கள் போனோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன.

தொடுதிரையில் பட்டனே கைக்குத் தட்டுப்படாதே, எப்படித் தொடுகிறீர்கள்?

விரலைத் திரையில் வைத்தால் கீழே இருப்பதைச் சொல்லும், திறக்காது. வேண்டியது வந்ததும் இரண்டு முறை தட்டினால் திறக்கும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. பக்கத்தை நகர்த்த ஆண்ட்ராய்டில் இரண்டு விரல்.

நேற்று மளிகைக் கடையில் பணம் அனுப்பினேன். செயலியைத் திறந்து "ஸ்கேன்" வரும்வரை தள்ளி, இரண்டு தட்டு. கடைக்காரர் அட்டையை கேமராவுக்கு நேராகப் பிடித்தார், அவர் பெயர் காதில் விழுந்தது, தொகையை அடித்தேன். பின் எண் போடும்போது மட்டும் இயர்போன். இல்லாவிட்டால் நான் தொடும் ஒவ்வொரு எண்ணும் கடை முழுக்கக் கேட்கலாம். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்துக்குள்தான்.

இதே வேலை வேறொரு செயலியில் நடக்காது. தள்ளத் தள்ள "பெயரிடப்படாத பட்டன், பெயரிடப்படாத பட்டன், பெயரிடப்படாத பட்டன்" என்று வரும். எது அனுப்பும், எது அழிக்கும் என்று தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பணத்தை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டு விளையாட முடியுமா?

தமிழை ஒழுங்காக வாசிக்குமா?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்கள் குறைவு.

வாசிக்கும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரல் உண்டு. தகரத்தில் தட்டியதுபோல் இருக்கும், ஆனால் வேகத்தில் பிசகாது. விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரிலேயே ஒரு குரல் இருக்கிறது. கூகுளின் தமிழ்க் குரல் மனிதர் பேசுவதற்கு இன்னும் நெருக்கம். பேச்சில் குறைசொல்ல இப்போது அதிகமில்லை. சிக்கல் வேறு இரண்டு இடங்களில்.

முதலாவது, மொழி மாறும் இடம். நாம் எழுதுவதே கலந்துகட்டித்தான். தமிழ் வாக்கியத்துக்கு நடுவில் ஆங்கிலச் சொல் வரும், பக்கத்தின் மெனு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். எந்தப் பகுதி எந்த மொழி என்று பக்கத்தின் நிரலில் குறித்திருந்தால் குரல் தானாக மாறிக்கொள்ளும். குறிக்காவிட்டால், சில ஆங்கிலக் குரல்கள் தமிழ் வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். ஒரு பத்தியே காணாமல் போனது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே ஒரு வரி நிரல். பல தமிழ்த் தளங்களில் அந்த வரியில் இன்னும் ஆங்கிலம் என்றே எழுதியிருக்கிறது, வார்ப்புருவை எடுத்தவர் மாற்ற மறந்திருப்பார்.

இரண்டாவது, எழுத்துப்பிழை. வலி, வழி, வளி மூன்றையும் குரல் சொல்லும்போது வித்தியாசம் மெல்லியது, வேகத்தில் சுத்தமாக மறைந்துவிடும். ன, ண, ந பற்றிக் கேட்கவே வேண்டாம். காதால் மட்டுமே தமிழ் படித்து வளர்ந்தவருக்கு 'மனம்' எது 'மணம்' எது என்பது எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டால்தான் தெரியும். நான் ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்பும் முன் சந்தேகச் சொற்களில் அம்புக்குறியை அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். பள்ளியில் பிரெய்லில் தமிழ் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஒவ்வொரு எழுத்தும் விரலுக்குத் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்திருக்கும். கணினித் திரையைப் பிரெய்லில் காட்டும் கருவிகளும் உண்டு, ஊசிமுனைகள் எழும்பி எழும்பி அமரும். விலைதான் கைக்கெட்டாது.

பிடிஎஃப் அனுப்பினால் போதாதா? ஏன் எல்லோரும் பிடிஎஃப் என்றாலே முகம் சுளிக்கிறீர்கள்?

பிடிஎஃப் மேல் எனக்குப் பகை இல்லை. உள்ளே எழுத்து இருந்தால் சரி. பெரும்பாலும் இருப்பது எழுத்தின் படம்.

சென்ற ஆண்டு ஓர் அலுவலகத் தளத்தில் ஓர் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை இறக்கினேன். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைதான். திறந்தேன், "காலி ஆவணம்" என்றது. தட்டச்சு செய்த தாளை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். கொஞ்சம் சாய்வாக வேறு. அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி எழுத்தாக மாற்றினேன். தமிழ் ஓரளவு வந்தது, ஆனால் அட்டவணை கலைந்து, வருமான வரம்பு வயது வரம்புக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கடைசியில் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் படிக்கச் சொன்னேன். தட்டச்சு செய்த அந்த மூலக் கோப்பையே ஏற்றியிருந்தால் நானே ஐந்து நிமிடத்தில் படித்து முடித்திருப்பேன்.

இதற்கும் மேலே ஒரு தமிழ்ச் சிக்கல் இருக்கிறது, பழைய எழுத்துருக்கள். பாமினி போன்றவற்றில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து, கண்ணுக்கு மட்டும் தமிழ் வடிவம் காட்டும். பாமினியில் 'தமிழ்நாடு' என்று அடித்த கோப்பை ஸ்கிரீன் ரீடரிடம் கொடுத்தால் "ஜே கே பி ஓ செமிகோலன் ஈ எச் எல்" என்று வாசிக்கும். நகைச்சுவை இல்லை, அப்படித்தான் அதில் எழுதியிருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் டிடிபி கடைகளிலும் பதிப்பகங்களிலும் பழைய எழுத்துருவில் செய்த கோப்புகள் மலையாகக் கிடக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் உண்டு. கோப்பை அனுப்புகிறவர் ஒரு தடவை மாற்றிவிட்டால் வாங்குகிற ஆயிரம் பேர் மாற்ற வேண்டாம்.

சரி, யூனிகோடில் அடித்தே பிடிஎஃப் ஆக்கினால்? பாதி கண்டம் தாண்டியாயிற்று. மாற்றும் மென்பொருள் சரியில்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி 'கொடு' என்பது உடைந்து வரும். பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். உங்களுக்குப் படிக்க வந்தால் எனக்கும் வரும்.

வாட்ஸ்அப்பில் நான் அனுப்பும் காலை வணக்கப் படங்கள் உங்களுக்கு எப்படித் தெரியும்?

"படம்" என்று தெரியும். ரோஜாவா, பிள்ளையாரா, இரங்கல் செய்தியா என்று தெரியாது. இரங்கல் செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. படத்தோடு ஒரு வரி எழுதிவிடுங்கள். இப்போது படத்தை விவரிக்கும் செயலிகள் நன்றாகவே வேலை செய்கின்றன, பீ மை ஐஸ் செயலியில் தன்னார்வலரை வீடியோவில் அழைத்தும் கேட்கலாம். ஆனால் நாளைக்கு நாற்பது படங்களுக்கு அதைச் செய்ய யாருக்குப் பொறுமை?

கை கூப்பும் பொம்மையைப் பத்து தடவை வரிசையாகப் போட்டால் பத்து தடவையும் வாசிக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இணையதளத்தில் போடும் படத்துக்கு விவரம் எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

போனில் நண்பரிடம் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னால் என்ன சொல்வீர்களோ அது. "படம்1" என்று எழுதாதீர்கள், நான்கு பத்தியும் எழுதாதீர்கள். கடைப் பக்கத்தில் புடவைப் படத்துக்கு "புடவை" என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. "மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, கரையில் அன்னப்பட்சி" என்றால் அம்மாவுக்கு வாங்கலாமா என்று யோசிப்பேன். வெறும் அலங்காரக் கோடு என்றால் விவரத்தைக் காலியாக விட்டுவிடுங்கள், ஸ்கிரீன் ரீடர் தாண்டிப் போய்விடும்.

காது கேளாதவர்களுக்குத் திரை தெரிகிறதே, அவர்களுக்கு என்ன சிரமம்?

வீடியோவில் வசன வரி இல்லாவிட்டால் வாயசைவுதான் மிச்சம். அது எல்லோரும் சொல்வது. சொல்லாத ஒன்று: பிறவியிலேயே காது கேளாத பலருக்கு முதல் மொழி சைகை மொழி, எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, தமிழ் வாக்கியத்தைக் கையால் காட்டுவதல்ல அது. ஆகவே "எழுத்தில்தான் இருக்கிறதே, படித்துக்கொள்ளலாமே" என்பது எல்லோருக்கும் பொருந்தாது. நீண்ட அரசாணைத் தமிழ் கேட்கும் காதுள்ளவர்களுக்கே புரிவதில்லை.

என் நண்பர் ஒருவரின் பெருந்தொல்லை வாடிக்கையாளர் சேவை. வங்கி அட்டையை முடக்க வேண்டும், வழி ஒரே ஒரு தொலைபேசி எண். அவர் அழைத்து என்ன பேசுவார்? பக்கத்து வீட்டுக்காரரைப் பேசச் சொன்னால் "அட்டைதாரரே பேச வேண்டும்" என்கிறார்கள். குறுஞ்செய்தியோ அரட்டைப் பெட்டியோ இருந்தால் முடிந்தது. மலிவான இணையம் வந்து வீடியோ அழைப்பு சாதாரணமானதும் சைகை மொழி பேசுவோரின் வாழ்க்கையே மாறிவிட்டது. நேரில் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் 2019இல் வந்தது, தமிழிலும் வேலை செய்கிறது.

கைகளை அசைக்க முடியாதவர்கள்?

குரலால் இயக்குவார்கள், கண்ணசைவால் இயக்குவார்கள், ஒற்றை ஸ்விட்சால் இயக்குவார்கள். திரையில் ஒவ்வொரு பட்டனாக வெளிச்சம் நகரும், வேண்டியது வந்ததும் ஸ்விட்சை அழுத்த வேண்டும். ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத் தசையின் அசைவைக் கொண்டு எழுதியது இந்த முறையில்தான். ஒரு முகவரியை நிரப்பப் பத்து நிமிடம் ஆகலாம். அதற்குள் "நேரம் முடிந்தது, மீண்டும் தொடங்கவும்" என்று வரும் பக்கத்தை என்ன சொல்லித் திட்டுவது? கை நடுங்குகிறவர்களுக்குப் பொடிப் பட்டன்கள் எமன்.

பேச்சு வராத குழந்தைகளுக்கு ஏதாவது உண்டா?

உண்டு, அதில் ஒன்று நம் சென்னையிலேயே உருவானது. ஆவாஸ் என்று பெயர். படங்களைத் தொட்டால் சொற்கள் சேர்ந்து வாக்கியமாகிக் குரலில் வரும். உருவாக்கியவர் அஜித் நாராயணன், மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளை மனதில் வைத்துச் செய்தது. குழந்தைக்கு இதைக் கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடுமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள், அந்தப் பயம் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

நிறக்குருடு இதில் சேருமா?

சேரும். பச்சை என்றால் காலி இருக்கை, சிவப்பு என்றால் நிரம்பியது என்று நிறத்தை மட்டும் நம்பி வைத்தால் அவர்கள் தடவிக்கொண்டு நிற்பார்கள். கூடவே ஒரு எழுத்தோ குறியோ போடுங்கள். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வைக்கும் நவீன அழகு, நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் எதிரி.

கேப்ட்சா, ஓடிபி, கேஒய்சி எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஓடிபி பரவாயில்லை, முப்பது நொடியில் காலாவதியாகாமல் இருந்தால். மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சாவில் வளைந்த எழுத்துப் படம் மட்டும் இருந்தால் அங்கேயே நின்றேன். ஒலி வடிவம் இருந்தால் முயல்வேன், அதுவும் இரைச்சலுக்குள் யாரோ ஆங்கிலத்தில் முனகுவதாக இருக்கும். பார்வையும் செவியும் இரண்டும் இல்லாதவர்க்கு இரண்டு கதவும் மூடல்.

கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது, பெரிய கதை. "முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று செயலி சொல்லும். வட்டம் எங்கே இருக்கிறது? அமில வீச்சில் கண் இமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? இப்படிப் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளைப் போட்டது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

அப்படியானால் சட்டப்படி எல்லாத் தளங்களும் சரியாக இருந்தாக வேண்டுமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அப்படித்தான் சொல்கிறது, அரசுக்கு மட்டுமல்ல, தனியார் சேவைகளுக்கும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது செல்லாது, கட்டாயமாக்குங்கள் என்றது. எப்படிச் செய்வது என்பதற்கு டபிள்யூசிஏஜி என்ற உலக நெறிமுறை 1999 முதலே இருக்கிறது, 2023இல் 2.2 பதிப்பு வந்தது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது வரை அதில் எண்ணாகவே இருக்கிறது. சட்டமும் இருக்கிறது, அளவுகோலும் இருக்கிறது. நான் தினமும் சோதிக்கும் தளங்கள் வேறு கதை சொல்கின்றன.

தளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்ட பட்டன் ஒன்றை ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. அது தரும் எழுத்தைப் பெரிதாக்குவது போன்ற வசதிகள் பிரவுசரிலேயே இருக்கின்றன. பெயரில்லாத பட்டனுக்கு அது பெயர் வைக்கும், ஆனால் பல நேரம் தப்பாக வைக்கும். நான் அந்தப் பட்டனைப் பார்த்தால் முதல் வேலையாக அணைத்துவிடுவேன். இப்படி ஒரு கருவியை விற்ற நிறுவனத்துக்கு, செய்ய முடியாததைச் செய்யும் என்று விளம்பரம் செய்ததற்காக 2025இல் அமெரிக்க வணிக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்ட உத்தரவிட்டது.

என் சிறு தளத்தை நானே சோதிக்க முடியுமா?

மவுஸைக் கழற்றி மேசை டிராயரில் வையுங்கள். டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே உங்கள் தளத்தில் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள், அல்லது தொடர்புப் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். இப்போது எங்கே நிற்கிறோம் என்று திரையில் தெரிகிறதா? ஏதாவது ஒரு பெட்டிக்குள் போய் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டீர்களா? மெனு திறந்ததா? பத்து நிமிடத்தில் பாதிக் குறைகள் தெரிந்துவிடும். மிச்சப் பாதிக்கு எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, கூலி கொடுத்துச் சோதியுங்கள். "ஒரு சேவையாகச் செய்து கொடுங்களேன்" என்று ஆரம்பிக்காதீர்கள்.

எதற்கு இவ்வளவு பாடு? வீட்டில் யாராவது செய்து கொடுக்கலாமே?

செய்து கொடுப்பார்கள். என் பின் எண்ணும், என் மருத்துவ அறிக்கையும், நான் யாருக்கு என்ன எழுதினேன் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் போனைத் திறந்து ஒரு நாள் முழுக்க உங்கள் சித்தப்பாவிடம் கொடுப்பீர்களா?

தெரியாமல் டாக்பேக்கை ஆன் பண்ணிவிட்டேன். போன் பேசிக்கொண்டே இருக்கிறது, எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. என்ன செய்வது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கடைசிவரை வைத்திருந்தேன். இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்து மூன்று நான்கு நொடி அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் செட்டிங்ஸுக்குப் போங்கள்: ஒரு தட்டு தேர்ந்தெடுக்க, இரண்டு தட்டு திறக்க, நகர்த்த இரண்டு விரல். அணுகல்தன்மை என்ற பகுதியில் டாக்பேக் இருக்கும், அணைத்துவிடலாம். முடியவில்லையா? எங்கள் தெருவில் இருந்தால் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். மாதத்துக்கு ஒருவராவது பதறிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறார்கள்.